வெள்ளியின் மூன்றாம் நிலை



கவிதையும் கதையும் ஒலிக்கும் மேடையில் வேதியியல் பேச இசைந்தமைக்கு நன்றி. நம் ஊரின் பெயரே எனக்குத் துணை. தாம்பரம் என்னும் சொல்லுக்குச் செம்பு என்று அகராதி பொருள் கூறும். ஊர்ப்பெயர் அதிலிருந்துதான் வந்தது என வாதாட நான் வரவில்லை. தனிம அட்டவணையில் செம்பிற்கு நேர் கீழே அமர்ந்திருக்கும் வெள்ளியைப் பற்றிப் பேச அது ஒரு வாயில், அவ்வளவே.

தேர்தலில் நம் விரலில் இடும் மையில் வெள்ளி நைட்ரேட் உண்டு. அதிலுள்ள வெள்ளி அணு ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை இழந்தது. அதுவே வெள்ளியின் இயல்பு என மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். மூன்று எலக்ட்ரான்களை இழந்த வெள்ளியோ தீராப் பசியுடையது. நீரில் இட்டால் நீரிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்து, ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டுப் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

இப்பசியை அடக்கிக் காட்டியவர் கல்கத்தாவில் பணியாற்றிய பிரியதாரஞ்சன் ராய். 1888-இல் பிறந்தவர், பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். 1940-களின் முற்பகுதி அது. ஒருபுறம் உலகப் போர். மறுபுறம் 1943-இன் வங்கப் பஞ்சம். அவர் தேர்ந்துகொண்டது எத்திலீன் டைபைகுவனைடு என்னும் கரிமச் சேர்மம். நீரிழிவு நோயாளர் உட்கொள்ளும் மெட்ஃபார்மினும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. உலோகத்தைச் சூழ்ந்து நிற்கும் இத்தகைய மூலக்கூற்றைப் பாடநூல்கள் 'ஈனி' என்கின்றன. ஈனுதல் வேறு, ஈதல் வேறு அன்றோ? எலக்ட்ரான்களை ஈந்து அணைந்து நிற்பதால் 'ஈந்தணைவி' என்ற சொல்லே எனக்கு உவப்பு.

வெள்ளி உப்பையும் இந்த ஈந்தணைவியையும் சேர்த்துப் பெர்சல்ஃபேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்தபோது சிவப்பு நிறச் சேர்மம் கிடைத்தது. நான்கு நைட்ரஜன் அணுக்கள் ஒரே தளத்தில், சதுரத்தின் நான்கு மூலைகளாக நின்று, நண்டுக் கொடுக்குப்போல் வெள்ளியைக் கவ்வுகின்றன. ஒன்று பிடி தளர்ந்தாலும் மற்ற மூன்றும் விடுவதில்லை. அவை எலக்ட்ரான்களைத் தாராளமாக ஈவதால் உலோகத்தின் பசியும் தணிகிறது. இவற்றோடு இன்னொரு தகுதியும் வேண்டும்: பெர்சல்ஃபேட்டின் முன் ஈந்தணைவி தானே சிதைந்துவிடக் கூடாது. அப்படிப்பட்டதைத் தேடிக் கண்டதே ராயின் திறம்.

அது உண்மையில் மூன்றாம் நிலைதானா? விடை காந்தத்தில் இருக்கிறது. இரண்டாம் நிலை வெள்ளியில் ஓர் எலக்ட்ரான் இணையின்றித் தனித்திருக்கும். காந்தப்புலம் அதனை ஈர்க்கும். இச்சேர்மத்தை ஈர்க்கவில்லை. அதாவது, எலக்ட்ரான்கள் யாவும் இணைந்தே இருந்தன.

இக்கலையை இயற்கை நமக்கு முன்பே அறிந்திருந்தது. நம் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் பி-450 நொதிகளில், பார்ஃபைரின் வளையத்தின் நான்கு நைட்ரஜன்களுக்கு நடுவே இரும்பு அமர்ந்திருக்கிறது. இரும்பின் வழக்கமான நிலைகள் இரண்டும் மூன்றும். அங்கோ அது கணப்பொழுது நான்காம் நிலைக்கு ஏறி, ஓர் ஆக்சிஜன் அணுவை மருந்தின்மேல் ஏற்றிவிட்டு இறங்குகிறது. நொதியின் வினைநடுவே தோன்றி மறையும் அந்நிலையைத் தனியே பிடித்து ஆராய 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.