கல்லும் சாய்ந்த ஒளியும்



நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூச் சாகுபடிக்காக உழுது போட்ட வயலை உச்சிப் பொழுதில் பார்த்தால் மண்ணின் நிறம் தெரியுமேயன்றி, உழவுசால்கள் தெளிவாகத் தெரியமாட்டா. அதே வயலைக் கதிரவன் மேற்கே சாய்ந்த பின் பாருங்கள். ஒவ்வொரு சாலும் ஒரு நிழற்கோடாக எழுந்து நிற்கும். விரல் பருமனுள்ள கட்டிகூடத் தன் நிழலால் தன்னை அறிவிக்கும். வயல் மாறவில்லை, ஒளி வரும் திசைதான் மாறியது. காமிராவுக்கு வெளியே வைத்து இயக்கும் பிளாஷ் விளக்கைப் பற்றி நான் இன்று சொல்லப் போவது அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பதே.

மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் சிதறால் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றுக்குத் திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். தலைக்குமேல் கவிந்து நிற்கும் பாறையின் பக்கத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்களும் இயக்கியரின் உருவங்களும் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்பார் பொன்னணி அளித்த செய்தியை அது சொல்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்து மலைமீது ஓர் ஆசிரியையின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது என்பதில், வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் கழித்த எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

அத்தகைய எழுத்துக்களை நம் இளைஞர் படம் எடுக்கும் முறை எவ்வாறு இருக்கிறது? காமிராவின் தலையில் உள்ள பிளாஷை நேராகக் கல்லின் முகத்தில் வீசி எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒரு பாறை இருக்கும், எழுத்து இராது. பார்ப்பவனுடைய கண் இருக்கும் திசையிலிருந்தே ஒளியும் வந்தால், ஒவ்வொரு குழியின் நிழலும் அந்தக் குழிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. நிழல் இன்றி வடிவம் இல்லை. இன்னும் சிலர், எழுத்துத் தெரியவேண்டும் என்று சாக்கட்டியைத் தேய்க்கிறார்கள், எண்ணெய் தடவுகிறார்கள். இது கல்லுக்குக் கேடு. தேய்ப்பவன் தவறாகப் படித்த எழுத்தையே அடுத்து வருபவனும் படிக்கும்படி செய்வதால் அறிவுக்கும் கேடு. கோயில் திருப்பணி என்ற பெயரில் மணலை விசையுடன் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் முறையால் தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் எழுத்துக்கள் மழுங்கியதும் உண்டு. மழுங்கிய பின் மீட்க வழி இல்லை. ஆதலின் இருக்கும்போதே நன்றாகப் படம் எடுத்து வைப்பது பொழுதுபோக்கு அன்று.

தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைக் கவிஞராக நீங்கள் அறிவீர்கள். அவர் ஆசிரியராகவும் கல்வெட்டு ஆராய்ச்சியாளராகவும் விளங்கியவர். காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். அக்காலத்தில் கல்வெட்டைப் பெயர்த்தெடுக்க மைப்படி முறையே துணை. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் குழிகளுக்குள் அழுத்தி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சூழ்ந்த இடம் கறுப்பாகவும் வரும். சிறந்த முறைதான், இன்றும் கையாளப்படுகிறது. ஆனால் அதற்குப் பயிற்சியும் உரிய துறையின் அனுமதியும் வேண்டும். கல்லைத் தொடாமலே ஒரு மாணவன் செய்யக்கூடியது, ஒளியைச் சாய்த்து வீசிப் படம் எடுப்பதுதான்.

இனி விளக்குக்கு வருவோம். மின்னொளியால் எடுத்த முதற் படமே காமிராவைச் சாராத ஒளியால்தான் எடுக்கப்பட்டது. 1851-இல் இங்கிலாந்தில் டால்பட் என்னும் அறிஞர், செய்தித்தாள் ஒன்றைச் சுழலும் வட்டில் ஒட்டி, லெய்டன் ஜாடிகளில் சேர்த்த மின்சாரத்தைப் பொறியாகத் தெறிக்கச் செய்து, அந்த இமைப்பொழுதில் படம்பிடித்தார். 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஒளிப்பொடி வந்தது. புகையும் தீப்புண்ணும் அதனுடன் வந்தன. 1931-இல் அமெரிக்காவில் எட்ஜர்ட்டன், வாயு நிறைந்த குழலில் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப ஒளிரச் செய்யும் கருவியை அமைத்தார். இன்று உங்கள் கையில் அடங்கும் பிளாஷ் அந்தக் குழலின் வழித்தோன்றல். உள்ளே உள்ள மின்தேக்கி 300 வோல்ட் அளவில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிறது. மின்கலத்தைக் கழற்றிய பிறகும் அது அங்கே நிற்கக்கூடும்; எனவே பழுதுபார்க்கும் ஆர்வத்தால் அதனைத் திறக்க வேண்டா.

எத்தனை ஆற்றலுள்ள பிளாஷ் வேண்டும்? கடைக்காரரைக் கேட்பதைவிடக் கணக்கைக் கேட்பது நலம். ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்று பத்தாம் வகுப்புக்குள்ளேயே படித்திருப்பீர்கள். இரண்டு மீட்டர் அகலமுள்ள கல்வெட்டுக்கு ஒரு பக்கமாக, அதன் அருகு விளிம்பிலிருந்து ஒரு மீட்டரில் விளக்கை வைத்தால், மறு விளிம்பு மூன்று மீட்டரில் இருக்கும். அங்கே விழும் ஒளி ஒன்பதில் ஒரு பங்கே. படத்தில் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி இருண்டும் போகும். விளக்கை நான்கு மீட்டருக்குத் தள்ளினால் மறு விளிம்பு ஆறு மீட்டர். பதினாறுக்கு முப்பத்தாறு என்ற கணக்கில் ஒளி பாதிக்குச் சற்றே குறைவாகும். அது தாழ்வில்லை. ஆகவே ஒளி சீராக இருக்க விளக்கு எட்டி நிற்கவேண்டும். எட்டி நிற்க ஆற்றல் வேண்டும்.

அந்த ஆற்றலை வழிகாட்டி எண் என்னும் ஓர் எண்ணால் குறிப்பார்கள். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸுத் துளையின் எண் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-இல் 32 என்ற வழிகாட்டி எண் உள்ள விளக்கு நான்கு மீட்டரில் எப்-8 தரும். ஆனால் கல்லின்மேல் பதினைந்து பாகைச் சாய்வில் ஒளியை வீசினால், நேராக விழுவதில் கால்பங்கே கல்லுக்குக் கிடைக்கும், ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு உயர்த்தினால் மீண்டும் எப்-8 வந்துவிடும். இவ்வளவே. விளம்பரங்களில் காணும் 60 என்ற பெரிய எண், விளக்கின் தலையை மிகக் குறுகிய பரப்புக்குக் குவித்து அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விளக்கின் ஒளியைக் காமிராவே அளந்து தீர்மானிக்கும் தானியங்கி வசதி ஒன்று உண்டு. ஓடியாடும் மணமக்களைப் படம்பிடிப்பவருக்கு அது பயன்படும். கல் ஓடுவதில்லை. முழு ஆற்றல், பாதி, கால் என்று 128-இல் ஒரு பங்கு வரை கையால் குறைக்கக்கூடிய எளிய விளக்கே நமக்குப் போதும், விலையும் குறைவு. சிலருடைய வீட்டில் தந்தையார் காலத்து பிலிம் காமிராவின் பிளாஷ் இருக்கக்கூடும். அத்தகைய பழைய விளக்குகள் சிலவற்றின் அடித்தொடர்பில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அதனை டிஜிட்டல் காமிராவின்மேல் பொருத்தினால் காமிராவின் நுண்சுற்று கெடக்கூடும். மின்னளவியால் அளந்து பார்த்த பின்பே தொடுங்கள்.

காமிரா ஓரிடத்தில், விளக்கு வேறிடத்தில். இரண்டையும் ஒரே கணத்தில் இயங்கச் செய்வது எப்படி? மூன்று வழிகள் உண்டு. கம்பி இணைப்பு மலிவானது. ஆனால் மலைப்பாதையில் காலைத் தட்டிவிடும். இரண்டாவது, ஒளிக்கண். காமிராவின் சிறு பிளாஷ் மின்னியதைக் கண்டு பெரிய விளக்கு தானே மின்னும். சுசீந்திரத்து மண்டபம் போன்ற நிழலான இடங்களில் ஒளிக்கண் செவ்வையாக வேலை செய்யும். வெட்டவெளி வெயிலில் தடுமாறும். அருகில் வேறொரு சுற்றுலாப் பயணி தம் பிளாஷை மின்னச் செய்தாலும் நம் விளக்கு அதற்கும் விடைசொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி வானொலி. ஆம், நான் பேசுவதை உங்களிடம் கொண்டு வருகிற அதே அலைதான். 1984-இல் தொடங்கப்பெற்ற நாகர்கோவில் நிலையத்தின் பண்பலை 101 மெகாஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். பிளாஷை இயக்கும் டிரிக்கர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இத்தகைய சிற்றலைநீளக் கதிர், தடித்த கற்றூணை எளிதில் சுற்றி வராது. எனவே டிரிக்கரும் விளக்கும் இயன்றவரை ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கட்டும். வாங்கும்போது, அனுப்பும் பகுதி உங்கள் காமிராவின் இனத்துக்கு உரியதா என்று பொருத்திப் பாருங்கள். காமிராவின் தலையில் உள்ள பொருத்துமிடத்தின் நடுவே ஓர் உலோகப் புள்ளி இருக்கும். எந்தக் கம்பெனியின் எளிய டிரிக்கரும் அதன் வழியே இயங்கும். ஆனால் 2019-இல் வந்த கேனன் 200 டி இரண்டாம் பதிப்பு போன்ற சிலவற்றில் அந்த நடுப்புள்ளியையே எடுத்துவிட்டார்கள். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷட்டரின் வேகத்திலும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான காமிராக்களில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டு போகும். மற்றொன்று மூடிக்கொண்டு பின்தொடரும். விநாடியில் 200-இல் ஒரு பங்கு என்ற வேகம் வரை, படப்பரப்பு முழுவதும் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. அதற்குமேல் விரைந்தால், முதல் திரை கரை சேருமுன் இரண்டாவது புறப்பட்டுவிடும். இடையே ஒரு கீற்றுத்தான் நகரும். அப்போது பிளாஷ் மின்னினால் படத்தில் ஒரு பட்டை ஒளியும் மற்றது இருளுமாக வரும். காமிராவின் குறிப்பேட்டில் வரம்பு கொடுத்திருப்பார்கள்.

விளக்கு மின்னும் காலமோ மிகக் குறுகியது. முழு ஆற்றலில் விநாடியில் சில நூற்றில் ஒரு பங்கு. மிகக் குறைந்த ஆற்றலில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் போகும். இதனால் நமக்கு ஒரு பெரும் நன்மை. நிழலான இடத்தில், படத்துக்கு வேண்டிய ஒளி முழுவதும் பிளாஷிலிருந்தே வருமானால், கை நடுங்கினாலும் படம் நடுங்காது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி நிறுத்த முன் அனுமதி வேண்டும். ஒருவர் காமிராவைக் கையில் ஏந்த, மற்றொருவர் விளக்கைக் கையில் பிடிக்க, முக்காலியின்றியே நல்ல படம் எடுக்கலாம். எனினும் காவலரிடம் நோக்கத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை. சுவரோவியம் உள்ள இடங்களில் பிளாஷை எடுக்கவே வேண்டா. பத்மநாபபுரம் அரண்மனை ஓவியங்களுக்கும் கருவறைகளுக்கும் இந்த விளக்கு உரியதன்று.

இனிச் செய்முறை. ஒரே பக்கத்திலிருந்து ஒளி வீசி நிறுத்திவிடாதீர்கள். ஒளி செல்லும் திசைக்கு இணையாக ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. அந்தக் கோடு படத்தில் மறைந்துபோகும். இடப்புறமிருந்து வந்த ஒளியில் கிடைக்கோடு ஒளிந்தால், மேலிருந்து வரும் ஒளியில் அது வெளிப்படும். வட்டெழுத்தில் வளைவுகள் மிகுதி. ஓர் எழுத்தின் ஒரு பாதி ஒரு படத்திலும் மறுபாதி வேறொரு படத்திலும் தெளிவது உண்டு. குறைந்தது நான்கு திசைகளில் எடுங்கள். கீழிருந்து ஒளி வந்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றி ஏமாற்றும். ஒளி மேலிருந்தே வரும் என்று நம் கண் பழகியிருப்பதே காரணம்.

இந்த எளிய முறையை நீட்டி ஒரு பெரிய முறையாக்கியவர்கள் உண்டு. 2001-இல் ஹியூலட் பாக்கர்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மால்ஸ்பெண்டர் என்பாரும் அவர் குழுவினரும் இதை வெளியிட்டனர். காமிராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றி, பல படங்கள் எடுக்க வேண்டும். பின்னர் கணினித் திரையில் ஒளியை வேண்டிய திசைக்குத் திருப்பித் திருப்பிக் கல்லைப் படிக்கலாம். கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட ஆன்டிகித்தெரா என்னும் பழங்கிரேக்கக் கணிப்பொறியின் தேய்ந்த எழுத்துக்களை 2005-இல் இம்முறையால் படம்பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் விளக்கு எங்கே நின்றது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? கல்லின் பக்கத்தில் பளபளப்பான ஒரு கறுப்புக் குண்டை வைத்துவிட்டால் போதும்; அதில் தெறிக்கும் ஒளிப்புள்ளியே விளக்கின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். விளக்கின் தூரம் மாறாதிருக்க, அதில் ஒரு நூலைக் கட்டி மறுநுனியைக் கல்லருகே பிடித்து அளந்துகொண்டு, மின்னும் முன் நூலை விலக்குகிறார்கள். அதற்கான மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்கு முக்காலி தேவை. ஆகவே பள்ளியின் வழியே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள்.

பிளாஷ் வாங்க வசதி இல்லாத மாணவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. மாலை மங்கிய பின், அலைபேசியின் காமிராவும் ஒரு நல்ல டார்ச் விளக்கும் இருந்தால், உங்கள் ஊர்க் குளக்கரையில் கிடக்கும் கல்லிலேயே தொடங்கலாம். படத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். எந்த ஊர், கல்லின் எந்த முகம், எந்த நாள், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற நான்கையும் எடுத்த அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். படங்களை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி, ஒரு படியை உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கொடுங்கள்.