மாதச் சந்தா கட்டலாமா, மாமா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புதுக் கார் வாங்கப் போகும் நண்பர் ஒருவர் போன வாரம் பார்க்கிங்கில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், தானாகப் பிரேக் போடும் மாடலுக்கு நிறைய அதிகம் கேட்கிறார்கள். தேவையா?" என்றார். வங்கி கவுண்ட்டரில் காலம் தள்ளியவன் நான். எனக்குக் கார் தெரியாது, கணக்குத் தெரியும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2024 ஏப்ரலில் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளையிடம் டெஸ்லா கார். வண்டி தானே திரும்பி, சிக்னலில் நின்று போகும் வசதியை அந்த நிறுவனம் ஒரு மாதம் இலவசமாகக் கொடுத்திருந்தது. அதன் பிறகு வேண்டுமென்றால் மாதம் 99 டாலர் சந்தா, அல்லது மொத்தமாக 8,000 டாலர். "சந்தா கட்டலாமா, மாமா?" என்று கேட்டார்.

8,000-ஐ 99-ஆல் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 81 மாதம், அதாவது ஆறே முக்கால் வருடம். மாப்பிள்ளை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுபவர். மொத்தமாகக் கட்டினால் அந்தப் பணத்துக்கான வட்டியும் போகும். ஆகவே மொத்தம் வேண்டாம் என்பது ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

சந்தாவாவது தேவையா? அவரை ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அலுவலகமோ இருபது நிமிட தூரம். உண்மையில் உதவியது லாஸ் ஏஞ்சல்ஸ் போய்வந்த நீண்ட பயணத்தில் மட்டும்தான். அப்படியானால் பயணம் உள்ள மாதம் கட்டலாம், மற்ற மாதம் நிறுத்திவிடலாம்.

இந்த இடத்தில் என் மகள் குறுக்கிட்டாள். "அப்பா, பணத்தை விடுங்க. அதைப் போட்டதிலிருந்து இவர் ரோட்டைப் பார்க்கிறதே இல்லை, போனைத்தான் பார்க்கிறார்." மாப்பிள்ளை பதில் பேசவில்லை. நானும் அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பின் சீட்டில் என் பேத்தி உட்கார்ந்து போகும் வண்டி அது.

நண்பர்களே, இதைக் கவனியுங்கள். தானியங்கி வசதிகளை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அந்த வண்டியும் சரி, நம் ஊர் ஷோரூமில் காட்டும் வண்டிகளும் சரி, 2-ஆம் நிலையைத் தாண்டவில்லை. 2-ஆம் நிலை என்றால் வண்டி உதவும், பொறுப்பு ஓட்டுநருடையது. கடைசியில், ஓட்டும்போது போன் மகளின் கைப்பையில் இருக்கும் என்ற நிபந்தனையோடு பயண மாதங்களுக்கு மட்டும் சந்தா என்று முடிவானது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே இந்த வசதிகள் பெரும்பாலும் விலை உயர்ந்த மாடலோடு சேர்ந்தே வருகின்றன. அதுவும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்டும் சந்தா மாதிரிதான். வாங்குமுன் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்.

ஒன்று, உயிர் காப்பது. முன்னால் ஆள் வந்தால் தானே பிரேக் போடுவது இந்த வகை. முன்னால் இருக்கும் வண்டிக்குத் தானே பிரேக் போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டது. இதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். இரண்டு, சௌகரியம். கோட்டுக்குள்ளேயே ஓட உதவுவது போன்றவை. அதற்கு ரோட்டில் கோடு தெரிய வேண்டும். நீங்கள் தினமும் போகும் சாலையில் கோடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய வங்கிக்காரன் என்ற முறையில் கடைசியாக ஒன்று. காருக்கோ வேறு எதற்கோ கார்டில் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். வேண்டாத சந்தாவை நிறுத்த அதுதான் நேரம்.