படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார்?



விருதுநகர் மாவட்டத்து ஆனைக்குட்டம் என்றதும் அர்ச்சுனா நதிக்குக் குறுக்கே நிற்கும் அணைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் விடிந்தும் விடியாத நேரத்தில் இந்த வட்டாரத்து ரோட்டோரங்களைப் பாருங்கள். கையில் தூக்குவாளி, சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு. ‘பயர் ஆபீஸ்’ என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலையின் வண்டிக்காகப் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். வண்டி ஏறுவதற்கு முன்பே தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைக்கு டிபன் கட்டி முடித்திருப்பார்கள். பட்டாசுக்குத் திரி வைப்பது அவர்களுக்கு அன்றைய இரண்டாவது வேலை.

இந்த மண்ணில் பெண்ணின் படத்துக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த மீனாட்சியும் லட்சுமியும் சரஸ்வதியும் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக ஊர் ஊராகப் போனார்கள். தீப்பெட்டி லேபிளில் பெண், பட்டாசுப் பெட்டியில் பெண். ஆனால் அந்த லேபிளை ஒட்டிய பெண் படத்தில் வந்தது எப்போது? பெரும்பாலும் விபத்து நடந்த மறுநாள் பேப்பரில்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிப்போனார்களே, அப்போது வெளியூர் கேமராக்கள் வரிசையாக வந்து நின்றன. மற்ற நாட்களில் அந்தப் பெண் எப்படிச் சிரிப்பாள், சாயங்காலம் யாரோடு பேசிக்கொண்டு வருவாள் என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை.

இதை மாற்றக் கேமரா உள்ளூர்க்காரர் கைக்கு வர வேண்டும். வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். மதுரை ஜவகர்லால்புரத்துக்காரர் பழனிக்குமார். அம்மா மீன் விற்றவர். அந்த அம்மாவையே படமெடுத்தவர் மகன். பிறகு ராமநாதபுரம் பாரதிநகரில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை எடுத்தார். தண்ணீருக்கடியில் எடுத்த அந்தப் படங்களில் பரிதாபத்தைத் தேடினால் கிடைக்காது. வேலையும் தைரியமும்தான் தெரியும். ‘பாரி’ என்னும் ஊரக இதழியல் தளத்தில் அவை வெளியாயின. 2022இல் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மீனவர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான். தன் தெருவையும் தன் தாயையும் அந்தப் பிள்ளைகளே எடுக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையை நீங்களே எடுங்கள் என்றார்கள் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர். வயலில் அம்மா வேலை செய்யும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது போன்ற விஷயங்களை அந்தப் படங்களே அதிகாரிகளுக்குச் சொல்லின.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பயர் ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. உயிர்ப் பாதுகாப்புக்கான விதி, மீறவே கூடாது. அப்படியானால் அம்மா வேலை செய்யும் இடத்தை மகள் எப்படிக் காட்டுவாள்? பென்சில் எடுத்து வரையலாம். அம்மா எப்படி உட்காருவாள், பக்கத்தில் யார், மருந்துக் கலவை யார் வேலை, திரி வைப்பது யார் வேலை என்று கேட்டுக் கேட்டு வரைய வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்படி உட்கார்ந்து பாருங்கள். பத்து வருஷமாக வீட்டில் யாரும் கேட்காத கேள்விகளுக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். சரவெடிக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதும், சரம் பின்னிக்கொண்டிருந்த தன் கைகளுக்கு என்ன ஆயிற்று என்பதும் அதில் வரலாம்.

வீட்டுக்குள் எடுக்க விதி எதுவும் தடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிக்கு ஒரு படம். அந்த நேரத்தில் அப்பா எங்கே, அம்மா எங்கே, அண்ணன் எங்கே, தங்கை எங்கே? ராத்திரி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தால் போதும், தனியாகச் சொற்பொழிவு வேண்டாம். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களிலேயே பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. அந்த வேலையைத் தொடுகிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இந்தக் கணக்கைப் பையன் பாடப்புத்தகத்தில் படித்தால் மறந்துவிடுவான். தானே எடுத்த பன்னிரண்டு படங்களில், பதினொன்றில் அம்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் மறக்க மாட்டான். ஆகவே இதைப் பையன்களும் செய்ய வேண்டும் என்பேன். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பட்டறை நடத்திவிட்டுச் சமத்துவம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். எடுக்கும் முன் கேட்க வேண்டும். அம்மாவே ஆனாலும் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். எடுத்தவர் பெயரைப் படத்தின் கீழே போட வேண்டும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லாவின் ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சேறின. அந்தக் கதை நம் பள்ளிக்கூடச் சுவரில் திரும்ப வேண்டாம்.

பெற்றோரே, வீட்டில் இருக்கும் ஒரு போனை அண்ணனுக்கென்று ஒதுக்கிவிட்டு, மகள் தொட்டால் மட்டும் ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசிரியர்களே, இந்த ஆண்டு விழாவில் பிள்ளைகள் எடுத்த படத்துக்கும் வரைந்த படத்துக்கும் ஒரு சுவரை ஒதுக்குங்கள். பயர் ஆபீஸ் வண்டி திரும்பிய பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்து வையுங்கள். அம்மாக்கள் வந்து பார்க்கட்டும்.