யுத்த முழக்கமும் ஓட்டுப் பெட்டியும்

(சிவகாசியில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தேர்தல் வந்தால் "தேசம் ஆபத்தில் இருக்கிறது" என்று ஆட்சியில் இருப்பவர் முழங்குகிறார். அந்த முழக்கத்துக்கு ஓட்டு விழுமா? விழும். எத்தனை காலத்துக்கு? அக்கரை இலங்கையின் கணக்கைப் பார்ப்போம்.

2005ல் மகிந்த ராஜபக்சே ஜனாதிபதியானபோது அவருக்குக் கிடைத்தது 50.29 சதவீத ஓட்டு. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. வன்னியில் ஆயிரமாயிரம் தமிழ் மக்கள் மாண்ட யுத்தம் அது. அந்தச் சூடு ஆறுமுன், பதவிக்காலம் பாக்கியிருக்கும்போதே தேர்தலை வைத்தார். 2010 ஜனவரியில் அவருக்கு 57.88 சதவீதம்! எதிர்த்து நின்றவரோ அதே யுத்தத்தை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. தேர்தல் முடிந்து இரண்டு வாரம் ஆகுமுன் அந்தத் தளபதியே கைதானார். இரண்டு முறைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதி ஆகக்கூடாது என்ற வரம்பும் அதே ஆண்டு நீக்கப்பட்டது. தேசத்தைக் காக்கப் போட்ட ஓட்டு நாற்காலியைக் காக்கப் பயன்பட்டது.

சிங்கள விவசாயியை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸில் குண்டு வெடித்த நாட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாயின் அச்சம் மெய்யானது. அந்த அச்சத்தை முதலாக வைத்து ஒரு குடும்பம் வளர்ந்ததே, அதுதான் மோசடி.

ஆனால் அச்சம் தணிந்த வீட்டில் அடுப்பு நினைவுக்கு வரும். 2015ல் விலைவாசியும் குடும்ப ஆட்சியும் பேச்சாயின. மகிந்த தோற்றார். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டனர். மீண்டும் அதே முழக்கம். தம்பி கோத்தபய 52.25 சதவீதத்தில் வந்தார். 2022ல் பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. ஜூலை 9ல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். சில நாளில் அவர் நாட்டைவிட்டே ஓடினார்.

இதைக் காணக் கடல் தாண்டவும் வேண்டாம். 1965ல் பாகிஸ்தானோடு யுத்தம் நடந்தது. அப்போது ஆண்ட காங்கிரசின் அகில இந்தியத் தலைவர் காமராஜர், 1967ல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஜனங்கள் அரிசி எங்கே என்று கேட்டார்கள். இந்தித் திணிப்புக்குக் கணக்குக் கேட்டார்கள்.

1962 சீன யுத்தத்தின்போது இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் யார்? கம்யூனிஸ்ட் தோழர்கள். கூலி உயர்வு கேட்டவனைத் தேசத் துரோகி ஆக்குவதற்கும் இந்த முழக்கம் உதவும். மறக்காதீர்கள்!

எல்லையைக் காக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஜவானும் நம் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் 2012 செப்டம்பர் 5ல் இதே சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டி பயராபீஸில் சுமார் 40 உயிர் போயிற்றே, எந்த அந்நியப் படை வந்தது? எல்லைக்குள் உழைக்கிறவனின் உயிரைக் காப்பது தேசப் பாதுகாப்பு ஆகாதா?

ஆகவே தோழர்களே, அடுத்த முறை அந்த முழக்கத்தோடு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆபத்தால் லாபம் யாருக்கு? சிறைக்குப் போவது யார்? எங்கள் கூலிக்கும் உயிருக்கும் என்ன பாதுகாப்பு? பதில் வந்த பிறகு ஓட்டுப் போடுங்கள். அச்சம் தானாகத் தணியட்டும் என்று காத்திருந்தால், இலங்கையைப் போல நாமும் வரிசையில் நின்றுதான் பாடம் படிக்க வேண்டியிருக்கும்.