வடிகால் இல்லாத தொட்டி

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்கு ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் அக்கா மகனுக்குத் தலசீமியா. அவனால் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

அவனுக்கு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒருநாள் ரொம்ப வெளுத்திருந்தான். ரத்தம் ஊறட்டும் என்று இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும், "யார் கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றேன். கோபிக்கவில்லை, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு இழப்பதோ 1, 2 மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியேற்ற உடம்பில் வழியே இல்லை. ஹைட்ராலிக்ஸ் படித்த நமக்குச் சொல்லவா வேண்டும்? குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. தொட்டிக்கு வடிகால் கிடையாது. வருஷத்துக்கு 15 யூனிட் ஏறினால் 3 கிராம். ஆரோக்கியமான பெரியவர் உடம்பில் உள்ள மொத்த இரும்பே 3, 4 கிராம்தான்!

மிஞ்சிய இரும்பு கல்லீரலில் படிந்து அதைக் கெடுக்கும். கணையத்தில் படிந்தால் சர்க்கரை நோய். பிட்யூட்டரி சுரப்பியில் படிந்தால் வளர்ச்சியும் பருவமும் தள்ளிப்போகும். இதயத்தில் படிந்தால் உயிருக்கே ஆபத்து.

அதற்காக ரத்தத்தை நிறுத்த முடியுமா? அதுதான் அவனை வாழ வைக்கிறது. ரத்த தானம் செய்யும் நண்பர்களுக்குக் கை கூப்புகிறேன். வடிகாலைத்தான் நாம் அமைக்க வேண்டும். முன்பெல்லாம் டெஸ்ஃபெரியாக்சமைன் என்ற மருந்தைச் சின்ன பம்ப் வைத்து, ராத்திரி 8 முதல் 12 மணி நேரம் தோலுக்கடியில் ஏற்றுவதுதான் ஒரே வழி. இப்போது மாத்திரையும் உண்டு. மருமகன் தினமும் டெஃபராசிராக்ஸ் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறான். தொட்டியின் மட்டம் பார்க்க ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ரெண்டு வேண்டுகோள். பிள்ளை வெளுத்திருந்தால், காரணம் தெரியாமல் என்னைப் போல் டானிக் கொடுக்காதீர்கள். கல்யாணம் பேசும்போது ஜாதகத்தோடு ஹெச்பி ஏ2 பரிசோதனையும் பாருங்கள். கணவன், மனைவி இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்கள் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. என் அக்காவுக்கும் அத்தானுக்கும் இதை யாரும் சொல்லவில்லை. நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.