பாசம் மட்டும் போதுமா? முதுமையியல் படிக்க நினைக்கிறவங்களுக்கு

போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம். "அண்ணா, வயசானவங்களோட வேலை பார்க்கணும்னு ஆசை. வீட்டுல கேட்டா, ஆயா வேலைக்கு எதுக்குடி டிகிரின்னு சிரிக்கிறாங்க. இதுக்குன்னு படிப்பு இருக்கா?"

இருக்கு. பேரு முதுமையியல், ஜெரன்டாலஜி. 1903ல மெட்ச்னிகாஃப்னு ஒரு விஞ்ஞானி வச்ச பேரு. இதையும் ஜெரியாட்ரிக்ஸையும் நிறைய பேர் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. ஜெரியாட்ரிக்ஸ் மருத்துவம், அதுக்கு எம்.பி.பி.எஸ். முடிச்சு மேல படிக்கணும். நம்ம சென்னைதான் அதுல முன்னோடி. 1978ல அரசு பொது மருத்துவமனையில டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குன்னு தனி புறநோயாளிகள் பிரிவு ஆரம்பிச்சார். 1996ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல எம்.டி. படிப்பும் வந்துச்சு. முதுமையியல் அதைவிடப் பெரிய வட்டம். உடம்பு, மனசு, குடும்பம், பணம், சட்டம், வீட்டு அமைப்பு எல்லாம் வயசாகும்போது எப்படி மாறுதுன்னு படிக்கிறது.

"பாசம் இருந்தா போதாதா, படிக்கணுமா?" ஒரு உதாரணம் சொல்றேன். நாற்காலியிலிருந்து எழுந்து, மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுவாங்க. 12 வினாடி அல்லது அதுக்கு மேல ஆனா, கீழே விழுற ஆபத்து இருக்குன்னு எடுத்துக்குவாங்க. ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். பாசத்துக்கு இது தெரியாது. படிச்சவங்களுக்குத் தெரியும். அதோட அடுத்த கேள்வியும் அவங்களுக்குத் தெரியும்: பாத்ரூம்ல கைப்பிடி இருக்கா? நிலைப்படி தடுக்குதா? தூக்க மாத்திரை ஏதாவது போடுறாங்களா?

என் துறையிலிருந்தும் ஒண்ணு. வயசாகும்போது ஒரு விஷயத்தை உள்வாங்கிச் செய்யற வேகம் குறையும். ஆனா சொல்வளமும் அனுபவ அறிவும் நல்லாவே நிக்கும். இது தெரியாமதான் அரை நிமிஷத்துல ஓடிபி காலாவதியாகுற மாதிரி ஆப் கட்டிட்டு, "பெருசுகளுக்கு டெக்னாலஜி வராது"ன்னு சொல்றோம். டிசைன் டீம்ல முதுமையியல் படிச்ச ஒருத்தர் இருந்தா முதல் மீட்டிங்லயே கை தூக்குவார்.

தேவை எவ்வளவு? 2011 சென்சஸ்படியே தமிழ்நாட்டுல நூறு பேர்ல பத்து பேருக்கு மேல 60 வயசைத் தாண்டினவங்க. 2036ல இது ஐந்துல ஒருத்தர் ஆகிடும்னு மத்திய அரசோட கணிப்பு சொல்லுது. பிள்ளைங்க பெங்களூர்லயும் டல்லாஸ்லயும் இருக்கோம். அப்பா அம்மா காரைக்குடியில, கும்பகோணத்துல தனியா. வேலைக்கு வர்ற அக்காவுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்ல. இந்த இடைவெளியிலதான் வேலை இருக்கு.

கிண்டியில தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ல 200 படுக்கையோட திறந்தாச்சு. 14567ன்னு முதியோர் உதவி எண் இருக்கு. அந்தப் போனை எடுக்கவும் ஆள் வேணும். வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள், முதியோர் குடியிருப்புகள், தொண்டு நிறுவனங்கள்னு இன்னும் நிறைய இருக்கு.

ஆனா நேராவே சொல்லிடறேன். ஆரம்பச் சம்பளம் ஐடி மாதிரி இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. முதுமையியல் மட்டும் தனியா படிச்சா கதவுகள் கம்மி. நர்சிங், பிசியோ, சோஷியல் வொர்க், சைக்காலஜின்னு ஒரு அடிப்படைத் தொழில் கையில இருக்கட்டும். அதுக்கு மேல முதுமையியலைச் சேருங்க. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் முதியோர் பராமரிப்புக்குப் பயிற்சிகள் நடத்துது, அதையும் பாருங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, ஒரு மாசம் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துல தன்னார்வலரா போய் உட்காருங்க. ஒரே கதையை நாலாவது தடவை கேட்கும்போதும் ஆர்வம் குறையலன்னா, இது உங்க துறை.

இந்தத் துறைக்கு வராதவங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்த மூணு மீட்டர் நடையை வீட்டுல நடத்திப் பாருங்க. பக்கத்துலயே நில்லுங்க, பிடிக்கத் தயாரா. நேரம் அதிகமானா டாக்டர்கிட்ட சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!