சோற்றுக் கற்றாழை: தோலுக்கு நல்லது, வயிற்றுக்குக் கவனம்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஒன்றாகச் சோற்றுக் கற்றாழைக் கன்று தரவிருக்கிறோம். அதற்கு முன் நான்கு செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். எது சோற்றுக் கற்றாழை, அதை எப்படி வளர்ப்பது, எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பவையே அவை. நான்காவதைக் கட்டாயம் மனத்தில் வையுங்கள்.

முதலில் அடையாளம். கற்றாழை என்ற பெயரில் நம் ஊர்ப்பக்கம் பல செடிகள் உண்டு. வேலியோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்பது ஆனைக் கற்றாழை அல்லது ரயில் கற்றாழை. அது மருந்துக் கற்றாழை அன்று. அதன் மடல் நுனியில் ஊசி போன்ற கெட்டியான கறுத்த முள் இருக்கும். மடலைக் கிழித்தால் நார் நாராக வரும். அதன் சாறு பட்டால் தோல் அரித்துத் தடித்துப் போகும்.

சோற்றுக் கற்றாழை முழங்கால் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. மடல் சாம்பல் கலந்த பச்சையாக, சதைப்பற்றாக இருக்கும். ஓரத்தில் சிறு பற்கள் இருந்தாலும் நுனியில் குத்தும் முள் இல்லை. இளங்கன்றின் மடலில் வெள்ளைப் புள்ளிகள் காணலாம். வெட்டினால் நார் வராது; கண்ணாடி போன்ற வழவழப்பான சோறு தெரியும். தோலுக்குச் சற்று உள்ளிருந்து மஞ்சள் நிறக் கசப்புப் பால் வடியும். இந்தச் சோறு வேறு, அந்தப் பால் வேறு. இந்த வேறுபாட்டைப் பிறகு விளக்குகிறோம்.

அடுத்து வளர்ப்பு. இது வறண்ட அரபு நாட்டு மண்ணில் தோன்றிய செடி. தண்ணீர் குறைந்து வாடுவதைவிட, தண்ணீர் மிகுந்து அழுகுவதே அதிகம். அடியில் துளையுள்ள மண் தொட்டி போதும். தோட்ட மண்ணில் பாதியளவு மணலும் ஒரு கைப்பிடி மக்கிய எருவும் கலந்து கொள்ளுங்கள். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

காலை வெயில் படும் ஜன்னலோரமோ மாடிப்படியோ இதற்கு ஏற்ற இடம். உச்சி வெயிலில் மடல் சிவந்து போகும். இருட்டில் வெளிறித் தொய்ந்துவிடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூனை இதைக் கடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இனிப் பயன்பாடு. செடி நன்கு தேறிய பிறகு, அடியில் உள்ள முற்றிய மடலை மட்டும் வெட்டுங்கள். வெட்டுவாய் கீழே இருக்கும்படி 15 நிமிடம் சாய்த்து வைத்து மஞ்சள் பாலை வடியவிடுங்கள். பிறகு கழுவித் தோலைச் சீவி, சோற்றை மீண்டும் நன்றாக அலசுங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த உடலுக்கு இது ஒத்துக்கொள்ளாது.

நோன்பு திறக்கச் சமோசாவும் வடையும் பொரிக்கும்போது கையில் எண்ணெய் தெறிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உடனே பற்பசை, மை, இட்லி மாவு என்று எதையும் பூச வேண்டாம். கற்றாழையைக்கூட உடனே பூச வேண்டாம். முதலில் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். தோல் சிவந்து மட்டும் இருந்தால் அதன்பின் கற்றாழைச் சோற்றைத் தடவலாம், எரிச்சல் அடங்கும். கொப்புளம் கண்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிய காயமானாலோ, முகத்தில் பட்டாலோ, சுட்டுக்கொண்டது குழந்தையானாலோ கற்றாழையைத் தேடி நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கடைசியாக எச்சரிக்கை. அந்த மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. அதைக் காய்ச்சி உலர்த்தியதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் கடைகளில் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளில் இதைச் சேர்ப்பதற்கு 2002இல் தடை விதித்தார்கள். அது பாதுகாப்பானது என்று காட்டப் போதிய ஆதாரம் தரப்படவில்லை. நம் நன்னிமார் சோற்றை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவியதும் இந்தப் பாலை நீக்கத்தான். அந்தப் பொறுமை இன்று இல்லை. மடலை அப்படியே மிக்ஸியில் போட்டு அடித்துக் குடிக்கிறோம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு பிள்ளைகளும் இதை உட்கொள்ளவே கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கும் அப்படியே. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் இதையும் குடித்தால் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். நோன்பு நாளில் சஹரில் குடித்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கற்றாழைச் சாறு குடிக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண் வைத்த பிறகு மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களை நாங்கள் பார்க்கிறோம். மாத்திரை வாங்கக் கையில் பணம் இல்லாமல் நிறுத்தியவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட நிலை வந்தால் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். புண் வந்த பிறகு செய்யும் உதவியைவிட, மாத்திரைக்கு உதவுவது எங்களுக்கும் எளிது, உங்களுக்கும் நல்லது.

ஆகவே கற்றாழையைத் தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்குச் சாப்பிட வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரையோ, தகுதி பெற்ற சித்த, யூனானி மருத்துவரையோ கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

ஒரு வருடத்தில் உங்கள் செடியைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் முளைக்கும். விரல் நீளம் வந்ததும் வேரோடு பெயர்த்து, ஓரிரு நாள் நிழலில் காய வைத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கன்றைக் கொடுக்கும்போது இன்று கேட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.